டான்ஸ்வில் கல்லறையில் 35 வருடம் பெயரில்லாமல் இருந்த பெண்

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் ராச்சஸ்டர் பக்கம். இங்கிருந்து காலிடோனியா அரை மணி நேரம்தான், ரூட் 20-ல் போனால் நிறைய மக்காச்சோளக் காடு. அப்படி ஒரு காட்டில்தான் 1979 நவம்பர் 10-ம் தேதி ஒரு பெண் பிள்ளை செத்துக் கிடந்தாள். சிவப்பு ஜாக்கெட், கார்டுராய் பேன்ட், அடையாளம் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு முறை சுட்டிருந்தார்கள். கொட்டிய மழை தடயங்களையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

அதே கவுண்டியில் இருக்கிற டான்ஸ்வில் ஊரில் அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயர் போட வேண்டிய இடத்தில் 'அடையாளம் தெரியாத பெண்' என்று பொறித்தார்கள். போன மாதம் அந்தக் கல்லறைக்குப் போய்விட்டு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே போலீசுக்கு ஒன்று தெரிந்திருந்தது, இவள் இந்தப் பக்கத்துப் பெண் இல்லை. நவம்பர் குளிரில் உடம்பில் நீச்சலுடை மறைத்த இடம் தவிர மற்றதெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. பல வருடம் கழித்து பால் சேம்பர்ஸ் என்ற தடயவியல்காரர் அவள் துணியில் ஒட்டியிருந்த மகரந்தத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் சவுக்கு மகரந்தம் இருந்தது. ஆமாம், நம் ஊர்க் கடற்கரையில் வரிசையாக நிற்கிற அதே சவுக்குதான். அது நியூயார்க் குளிரில் வளராது, ஃப்ளோரிடா, தெற்கு கலிஃபோர்னியா மாதிரி இடங்களில்தான் உண்டு. எங்கிருந்து வந்தாள் என்று அவள் துணியே ஓரளவு சொல்லிவிட்டது, ஆனால் யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜான் யார்க் என்ற ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர், ஓய்வு பெறும் வரை இந்த வழக்கைக் கைவிடவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம் என்னவென்றால், அந்தப் பக்கம் ஃப்ளோரிடாவில் அவள் குடும்பம் இருந்தது. டேமி ஜோ அலெக்சாண்டர், 16 வயது, ப்ரூக்ஸ்வில் ஊர். அடிக்கடி வீட்டை விட்டுப் போகிற பிள்ளை என்பதால் எங்கேயோ பிழைத்துக்கொண்டிருப்பாள் என்றே நினைத்திருக்கிறார்கள். 2014-ல் கூடப் படித்த ஒரு தோழி தேடிக் கேட்டபோதுதான் தெரிந்தது, காணவில்லை என்ற புகாரே பதிவில் இல்லை! இங்கே உடல் இருக்கிறது, அங்கே பிள்ளையைக் காணோம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு காகிதம் இல்லை. புகார் பதிவாகி அவள் படம் காணாமல் போனவர்கள் பட்டியலில் ஏறிய கொஞ்ச நாளிலேயே கலிஃபோர்னியாவில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். காலிடோனியா பெண்ணின் முகத்தை முன்பே வரைந்து பார்த்தவர் அவர். அப்புறம் சகோதரியின் டிஎன்ஏ-வோடு ஒப்பிட்டு 2015 ஜனவரியில் உறுதி செய்தார்கள். அதற்குள் டேமி ஜோவின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கொலை செய்தவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட ஊரிலேயே இருக்கட்டும் என்று குடும்பம் அவளை டான்ஸ்வில்லிலேயே விட்டுவிட்டது. இப்போது கல்லில் பெயர் இருக்கிறது. அதன்முன் நின்றபோது எனக்கு என் சின்ன மாமா ஞாபகம்தான். 1983-ல் பத்தாவதில் ஃபெயிலாகி, தாத்தா அடித்தார் என்று போனவர். "கோபம் தீர்ந்தா வந்துடுவான், ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே ஆச்சியும் கண்ணை மூடினார். எங்கள் வீட்டிலும் புகார் கிடையாது.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு டேமி ஜோ கதை முழுவதும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "அந்தப் பொண்ண போட்டோவ வச்சா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மாமா ஸ்கூல்ல எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு பெரியம்மா வீட்ல இருக்கு. எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?"