அரிசி மூட்டை நிறை: ஒருவாலா, இருவாலா?

வணக்கம். மட்டக்களப்பில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், கூடவே வெளிவாரிப் பட்டத்துக்கும் படிக்கிறேன். மூட்டை சராசரி 25 கிலோ என்கிறார் ஆலைக்காரர். எனக்குச் சந்தேகம். 16 மூட்டைகளைத் தராசில் ஏற்றினேன், சாக்கின் நிறையைக் கழித்துத்தான். இடை (சராசரி) 24.8 கிலோ, நியம விலகல் (நிறைகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 0.4. ரீ (t) பெறுமானம், அதாவது இந்தக் குறைவு தற்செயலா என்று பார்க்கும் அளவு, −2 வருகிறது.

சிக்கல் இங்கேதான். 5% மட்டத்தில், ரீ அட்டவணையில் 15க்கான (16 − 1) வரியைப் பார்த்தால் ஒருவால் சோதனைக்கு (குறைவா என்று மட்டும் பார்ப்பது) எல்லை −1.753, ஆலைக்காரர் சொன்னது நிராகரிக்கப்படுகிறது. இருவால் (கூடவா, குறைவா என்று இரு பக்கமும் பார்ப்பது) என்றால் ±2.131, மனிதர் தப்பிவிடுகிறார்! நிறுக்க முன்னமே ‘குறைவு’ என்றுதான் சந்தேகப்பட்டேன், ஆகவே ஒருவால்தான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் 16 மூட்டையும் ஒரே லொறியில் வந்தவை. அதை எழுமாற்று மாதிரி (பாரபட்சமில்லாமல் தற்செயலாகத் தெரிந்தெடுத்தது) என்று எடுக்கலாமா?

தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அடுத்த லொறி வருகிறது.