நம்ம வீட்டு ஆளுங்க

கமலா அத்தை: நித்யாவுக்கு 36 வாரம் முடிஞ்சாச்சு. யார் எப்பப் போறதுன்னு இன்னிக்கே பேசிடுங்க. பொண்ணு குள்ளம், மாப்பிள்ளை ஆறடி. டாக்டர் சொன்ன பிரசவ தேதி வரைக்கும் தாங்காது

அம்மா: காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா அண்ணி

நான்: 39லேர்ந்துதான் லீவு கேட்டிருக்கேன். மாத்தணுமா?

நித்யா: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்

மீனா சித்தி: 😂

கமலா அத்தை: இருந்தா என்ன. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன், தோள் உயரம்கூட வரலன்னு

அம்மா: சொன்னீங்க. நாலு வருஷமா சொல்றீங்க

ரகு மாமா: கமலா சொல்றதுல பாதி நிஜம். அம்மா உயரத்துக்கும் கர்ப்ப நாளுக்கும் தொடர்பு உண்டு. உயரம் கம்மின்னா சராசரியா கொஞ்சம் முன்னாடி பிறக்குது. 2015ல பின்லாந்து, டென்மார்க், நார்வேன்னு மூணு நாட்டுல 3,485 தாய்-சேய் ஜோடியோட மரபணுவை வச்சுப் பார்த்தாங்க. அம்மாவோட மரபணுவுல பாதிதான் குழந்தைக்குப் போகும். குழந்தையோட நீளம், எடைக்கு அந்தப் போன பாதிதான் முக்கியம். ஆனா நாள் கணக்கு, போகாத பாதியோடயும் ஒத்துப்போச்சு. அப்படின்னா அது அம்மா உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். மாப்பிள்ளை ஆறடியா இருந்தா குழந்தை நீளமா இருக்கலாம். தேதியை அவர் தலையில கட்டாதீங்க

தினேஷ்: 'மேலும் படிக்க'வை மூணு தடவை அமுக்கினேன்

கமலா அத்தை: அதைத்தானே நானும் சொன்னேன். குள்ளம்னா சீக்கிரம்

அம்மா: நான் நாலடி பத்து. நித்யா தேதி தாண்டி ஒன்பதாம் நாள் வந்தா

தினேஷ்: இப்பவும் எங்கயும் லேட்டாத்தான் வர்றா

அம்மா: நீங்க அஞ்சடி ஆறு. தினேஷ் எத்தனாவது வாரம் அண்ணி?

தினேஷ்: என்னை ஏன் இழுக்குறீங்க

மீனா சித்தி: 34

ரகு மாமா: ஒவ்வொருத்தரா இழுத்தா முடியாது. சராசரியில சில நாள் வித்தியாசம், அவ்வளவுதான். 37க்கு முன்னாடி பிறந்தாத்தான் குறைமாசம். முன்ன குறைமாசத்துல பிறந்திருக்கா, ரெட்டையா, பிரஷர் இருக்கா, கருப்பை வாய் குட்டையாயிடுச்சா, டாக்டர் கவலைப்படுறது அதுக்குத்தான்

நித்யா: முதல்ல 36 முடியவே இல்ல. அத்தை கடைசி பீரியட்ஸ்லேர்ந்து எண்றாங்க. முதல் ஸ்கேன்ல ஆறு நாள் தள்ளிட்டாங்க. இன்னிக்கு 35 வாரம் 2 நாள்

கமலா அத்தை: போன ஸ்கேன்ல 37 வாரத்துக் குழந்தை சைஸ்னு நீதானே சொன்ன

ரகு மாமா: அது சைஸ், தேதி இல்ல. தேதிக்கு முதல் மூணு மாச ஸ்கேன்தான். அப்ப எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்துல வளரும். இப்ப தொடை எலும்பு நீளமா இருந்தா மெஷின் வாரத்தைக் கூட்டிக் காட்டும். மாப்பிள்ளையோட ஆறடி வேலை செய்யறது அங்கதான்

மீனா சித்தி: கல்யாண போட்டோவுக்கு நித்யா ஏறி நின்னாளே, அந்த முக்காலி யார்கிட்ட இருக்கு?

நித்யா: ஒரு கால் மட்டும் ஓரமா தெரியுமே, அதுவா

தினேஷ்: எங்க வீட்டுல. பரண் ஏற வச்சிருக்கோம்

அம்மா: அது எங்க முக்காலி

கமலா அத்தை: எங்க அப்பா செஞ்சது

நித்யா: யாருதோ, கொண்டு வாங்க. கால் வீங்கியிருக்கு, தூக்கி வச்சுக்கணும்

நான்: லீவு 38லேர்ந்தா 39லேர்ந்தா? இன்னிக்குள்ள சொல்லணும்

ரகு மாமா: சொன்ன தேதியிலேயே பிறக்கிறது நூத்துக்கு நாலஞ்சுதான். அதனால

தினேஷ்: வேண்டாம் மாமா

கமலா அத்தை: 37. எழுதி வச்சுக்கோ

அம்மா: வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன்

நான்: இன்னிக்குள்ளம்மா

கமலா அத்தை: முக்காலியை நான் வரும்போது எடுத்துட்டு வர்றேன்

அம்மா: நீங்க எப்ப வர்றீங்க அண்ணி?