பினாங்குல இருந்து வந்த சீன மருந்து அலமாரி, எந்தக் காலம்னு எப்படிப் பாக்க?

திசையன்விளைக்காரன்:
தாத்தா பினாங்குல கடை வச்சிருந்தாவ, ஊருக்குத் திரும்பும்போது கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினத்துல எறக்கிக் கொண்டாந்த அலமாரி மச்சுல கெடக்கு. 48 டிராயர், ஒவ்வொண்ணுக்குள்ளயும் தடுப்பு, முன்னாடி சீன எழுத்து. பின்பலகை உளுத்துக் கொட்டுது. ஆசாரி தேச்சு பாலிஷ் போடணும்ங்காவ, போடலாமா?

தாமிரபரணி:
அண்ணாச்சி தேய்க்க மட்டும் விட்ராதீங்க, அந்த எழுத்துதான் அதோட உசுரே! எல்லாம் மூலிகைப் பேரு, ஒரு தடுப்புக்கு ஒரு பேரு. சீனாவுல எழுத்தைச் சுருக்குனது 1956ல, அதனால சுருக்கின எழுத்தா இருந்தா பெரும்பாலும் அதுக்குப் பொறவு உள்ளது, பழைய எழுத்துன்னா மட்டும் முடிவு கட்ட முடியாது, பினாங்குப் பக்கம் அதுக்கப்புறமும் பழசுதான் எழுதுனாவ. பின்னாடி ஆணியப் பாருங்க, நட்சத்திரத் தலை ஸ்க்ரூன்னா 1930களுக்கு முந்தி வாய்ப்பில்ல, ஆனா அது ரிப்பேர்ல போட்டதாவும் இருக்கலாம்.

பாளை சித்தா:
ஒண்ணு முக்கியம். சீன வைத்தியத்துலயும் நம்ம சித்த மருந்து மாதிரியே லிங்கம், மனோசிலை உண்டு, அதாவது பாதரசமும் ஆர்சனிக்கும். டிராயர்ல ஒட்டுன தூளை ஊதாதீங்க, மாஸ்க், கையுறை போட்டு ஈரத்துணியால எடுங்க, பிள்ளைகள கிட்ட விடாதீங்க.

தாமிரபரணி:
ஆமா, அது நான் யோசிக்கல. பின்பலகைல உளு விழுந்த துண்டை மட்டும் வெட்டி அதே மாதிரி பழைய மரம் வச்சு ஒட்டச் சொல்லுங்க, இறுகுன டிராயருக்கு அடியில மெழுகுவர்த்தி தேச்சா போதும்.

திசையன்விளைக்காரன்:
ரொம்ப நன்றி, ஆசாரிய நிப்பாட்டியாச்சு. ஞாயித்துக்கெழம போட்டோ போடுதேன்.