ஒட்டினால் போதுமா, தைக்கவும் வேண்டுமா? அப்ளிக் வேலை செய்கிறவர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:
அப்ளிக் என்றால் உருவமாக வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைப்பது. அதை ஒட்டக் கடையில் 'பியூசிங்' (அயன் சூட்டில் ஒட்டுவது) என்று மட்டும் கேட்காதீர்கள். கொலருக்கு வைக்கிறதைத்தான் எடுத்துத் தருவார்கள், அதில் ஒரு பக்கம்தான் பசை. அப்ளிக்குக்கு வேண்டியது, கடதாசி ஒட்டியபடி வரும் பசை வலை. இரண்டு துணிக்கும் நடுவில் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஹீட் அன் பொண்ட், வொண்டர் அண்டர் எல்லாம் அந்த வகைதான்.

பிரச்சினை என்னவென்றால், ஒட்டினதும் அது கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும். போன மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் ஒரு தொட்டில் குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) கொண்டுவந்தார். எங்கோ காசு கொடுத்து வாங்கியது. வரிசையாக யானைகள், ஒன்றில்கூட விளிம்புத் தையல் இல்லை. பிள்ளையின் போர்வை என்றால் அடிக்கடி துவைக்கத்தானே வேண்டும்? காதெல்லாம் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு நின்றது. "திரும்ப அயன் பண்ணினால் ஒட்டாதா?" என்று கேட்டார். ஒட்டாது. தூக்கிய இடத்துக்குள் பஞ்சுத் தூசியும் சவர்க்காரமும் போய்விட்டால் பழைய பசை பிடிக்காது. புதுப் பசை வலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி உள்ளே செருகி, அழுத்தி ஒட்டி, ஒவ்வொரு யானையையும் சுற்றி பிளாங்கெட் தையல் போட்டுக் கொடுத்தேன். நேர்த்தையல் யானையை ஒட்டி அடித்துணியில் விழ வேண்டும், குறுக்குத் தையல் மட்டும் யானைக்குள் மூன்று மில்லிமீற்றர் அளவு போக வேண்டும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை ஈரம். ஜூன், ஜூலையில் கொடியில் கிடக்கிற துணி காய்ந்தது மாதிரித் தெரியும், காய்ந்திருக்காது. அதன்மேல் அயன் வைத்தால் சூடெல்லாம் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பசை சரியாக உருகாது. அடித்துணியை முதலில் ஆவி வருவது நிற்கும்வரை அயன் பண்ணுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். அயனை இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி அடுத்த இடம்.

பண்டாரவளையிலிருந்து:
அக்கா சொல்கிற ஜூன் ஈரம் எங்களுக்கு இல்லை. அந்த மாதங்களில் இங்கே காற்றும் வெயிலும்தான், எங்கள் மழை வருஷக் கடைசியில். ஆனால் எல்லாவற்றுக்கும் விளிம்புத் தையல் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

எல்ல பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்றுக்குத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைச் சுவர்த்தொங்கலாகச் செய்தேன். பாலம் முழுதும் ஒரே சாம்பல் துணி. அதற்கு நெருக்கமான சிக்சாக், அதாவது இடமும் வலமுமாகப் போகிற தையல். அதைப் போடாமல் விட முடியாது. வளைவுகளின் உட்பக்கம்தான் உயிரை வாங்கியது. துணியைத் திருப்பும்போது ஊசி கீழே இறங்கியே இருக்க வேண்டும், அதுவும் பாலத் துணிக்குள். மலை உச்சி மாதிரி வெளியே வளைகிற இடத்தில் இதற்கு மாறாக அடித்துணியில். இது பிடிபட்டால் இடையில் வெற்றிடம் விழாது. அடியில் மெல்லிய ரிஷூ தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்தேன். இல்லாவிட்டால் நெருக்கத் தையல் துணியைச் சுருக்கிவிடும்.

ரயில் ஜன்னல், தேயிலைச் செடி மாதிரிச் சின்னத் துண்டுகளை ஒட்டினதோடு விட்டேன். பஞ்சு வைத்துக் குவில்ட் பண்ணுகிற கோடுகளை அவற்றின் மேலேயே ஓடவிட்டேன். சுவரில் தொங்குகிறதை யார் துவைக்கப் போகிறார்கள்?

நுவரெலியாவிலிருந்து:
அண்ணன் சொல்வது சுவருக்குச் சரி. இந்தக் குளிரில் நாங்கள் குவில்ட்டைப் போர்த்திக்கொண்டு படுக்கிறோம். அதனால் விறைப்பு வரக் கூடாது. பெரிய பூவாக இருந்தால் பசைத்தாளின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விடுகிறேன். துணி துணியாகவே இருக்கும்.

தைக்கிறதாக இருந்தால் பசை குறைந்த 'லைட்' வகைதான் வாங்க வேண்டும். தைக்காமலே நிற்கும் என்று விற்கிற கனமான வகையில் ஊசி விட்டால் பசை ஊசியில் ஏறி, தையல் தவறும், நூல் அறும். ஏறிவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். புதுத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து ஒட்டுங்கள், ஆனால் வாசனை மென்மையாக்கி போடாதீர்கள், பசை பிடிக்காது. எழுத்து வைக்கிறவர்கள் கடதாசியில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வரைய வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்!

பதுளையிலிருந்து:
என்னிடம் இருப்பது அம்மாவின் கால் மிதி மெசின். நேர்த்தையல் மட்டும்தான். அப்ப நான் என்ன செய்வது?

ஹட்டனிலிருந்து:
தங்கச்சி, நேர்த்தையலே போதும். விளிம்பிலிருந்து எட்டில் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, தையலைச் சின்னதாக வைத்து ஓட்டுங்கள். ஓரம் கொஞ்சம் பிசிறும், அதற்கு மேல் போகாது. பிசிறு பிடிக்கவில்லை என்றால் இரண்டு இழை எம்ப்ரொய்டரி நூலில் கையாலேயே பிளாங்கெட் தையல் போடுங்கள். தொட்டில் அளவு என்றால் செய்து முடிக்கலாம், டபுள் பெட் அளவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பண்டாரவளை அண்ணனுக்கு: உங்கள் விடுதிச் சுவரில் மத்தியான வெயில் விழுகிறதா? விழுந்தால் ஜன்னல் துண்டுகளை அடுத்த வருஷம் ஒருதரம் விரலால் தடவிப் பாருங்கள்.