ஸ்பிரிங்கைத் தாழ்த்தினா ஷாக்கையும் மாத்தணுமா?

பின்சக்கரம்: ரெண்டு சீட், பின்சக்கர இயக்கம், ஸ்போர்ட்ஸ் கார். 30 மி.மீ. தாழ்த்துற ஸ்பிரிங் வாங்கியாச்சு, ஒரிஜினலை விட 30% கடினம். கம்பெனி ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிவு இல்ல. அதையே வெச்சுக்கலாமா? தினசரி ஓட்டம், எப்பவாவது டிராக்.

ஸ்பேனர்பிடி: தாராளமா வெச்சுக்கலாம். டாம்பிங் (ஸ்பிரிங் ஆட்டத்தை ஷாக் அடக்குறது) தேவை ஸ்பிரிங் கடினத்தோட வர்க்கமூலத்துலதான் ஏறும். 30% கூடினா டாம்பிங் சுமார் 14% கூடினாப் போதும். நல்ல நிலையில இருக்கிற ஷாக்குக்கு இது பெரிய விஷயமில்ல. "பிஸ்டன் கீழ நிக்கும், சீக்கிரம் தேஞ்சிடும்"னு ஒரு பேச்சு சுத்துது, நம்பாதீங்க. ஷாக் கொடுக்கிற விசை பிஸ்டன் போற வேகத்தைப் பொறுத்தது, அது நிக்கிற இடத்தைப் பொறுத்ததில்ல.

வளைவுக்காரன்: விசைக் கணக்கு சரி நண்பரே. பயண தூரத்தை விட்டுட்டீங்களே! பம்ப் ஸ்டாப்பை, அதாவது ஷாக் முழுசா சுருங்காம தடுக்கிற ரப்பரைத் தொட 70 மி.மீ. இடம் இருந்த ஸ்ட்ரட்ல (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேர்ந்து சக்கரத்தைத் தாங்குற அமைப்பு) இப்ப மிச்சம் 40. வளைவுல சாயும்போதே பாதி தீர்ந்துடும், நடுவுல ஒரு மேடு வந்தா ரப்பர்ல போய் உக்காரும். அந்த நொடி அந்தச் சக்கரத்தோட கடினம் சட்டுனு எகிறும். அது வெளிப்புறப் பின்சக்கரமா இருந்தா வால் வழுக்கும். டிராக்குக்குப் போற வண்டில இதை எப்படி விடச் சொல்றீங்க?

இதுக்குன்னே குட்டை ஷாக் இருக்கு. பில்ஸ்டீன் பிராண்டுல பி6 ஒரிஜினல் உயரத்துக்கு, பி8 தாழ்த்தின ஸ்பிரிங்குக்கு. பி8 எடுங்க. ரீபவுண்டும் (ஷாக் திரும்ப நீளும்போது கொடுக்கிற தடை) கடினமா இருக்கும், சுருங்கின ஸ்பிரிங் உதறி எழும்பாது.

ஸ்பேனர்பிடி: குட்டை ஷாக்னா சக்கரம் கீழ இறங்குற தூரமும் குறையுமே. பள்ளத்துல உள்பக்கச் சக்கரம் பிடியை விட்டுடும். பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் வெட்டினாலே வேலை முடிஞ்சுது.

வளைவுக்காரன்: கம்பெனி ஷாக்ல வெட்டாதீங்க, தயவுசெஞ்சு. அந்த ரப்பர்தான் பிஸ்டன் அடிவால்வுல மோதாம காக்குது. அதைக் குறைச்சா ஒரு நல்ல குழியில ஷாக் உள்ளேயே உடையும். இன்னொண்ணு: நீள ராட், குட்டை ஸ்பிரிங். ஜாக்கில தூக்கினா ஸ்பிரிங் இருக்கையை விட்டு லூசா ஆடலாம். குட்டை ஷாக்ல அது இறுக்கமா நிக்கும்.

ஸ்பேனர்பிடி: எல்லா வண்டியும் ஸ்ட்ரட் இல்ல. டபுள் விஷ்போன்ல (மேலயும் கீழயும் ரெண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கிற அமைப்பு) சக்கரம் 30 போனா ஷாக் அதை விடக் கம்மியாத்தான் நகரும். அளக்காம காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல.

வளைவுக்காரன்: அளக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புறேன். ராட்ல ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி, ஷாக்கோட பாடியை ஒட்டத் தள்ளிவிட்டு, வழக்கமான ரோட்ல ஓட்டுங்க. டை ரப்பர் வரைக்கும் ஏறியிருந்தா எங்க விவாதம் முடிஞ்சுது.

பின்சக்கரம்: எனக்குப் பின்னாடி விஷ்போன், முன்னாடி ஸ்ட்ரட். நாலுலயும் டை கட்டிப் பாக்கறேன். ஸ்பிரிங் மாத்தினதும் புஷ் (இணைப்புகள்ல இருக்கிற ரப்பர் உருளை) போல்ட்டையெல்லாம் அந்தரத்துலயே இறுக்கிடலாமா?

ஸ்பேனர்பிடி: கூடாது! வண்டி பாரம் முழுக்கச் சக்கரத்துல நிக்கும்போது, புது உயரத்துல இறுக்குங்க. இல்லாட்டி புஷ் எப்பவும் முறுக்கிலேயே நின்னு கிழியும். அப்புறம் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு), டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) பாத்துடுங்க.