தோட்டத்து மின்சாரத்தை இலந்தனம்–நிக்கலில் சேமிக்கலாமா?

தலவாக்கலை ஆசிரியர்:
எங்கள் தோட்டத்தின் சிறு நீர்மின் நிலையம், தேயிலைத் தொழிற்சாலை ஓடாத நாட்களிலும் சுழல்கிறது. அந்த மின்சாரத்தால் நீரை மின்பகுத்து, கிடைக்கும் ஐதரசனை, இலந்தனம் என்ற அருமண் உலோகமும் நிக்கலும் கலந்த சேர்வையான இலந்தனம்–நிக்கல்-5இல் சேமிக்கலாம் என்பது என் கருத்து. ஓர் இலந்தன அணுவுக்கு ஐந்து நிக்கல் அணுக்கள் கொண்ட அதன் படிக இடைவெளிகளில் ஏறத்தாழ ஆறு ஐதரசன் அணுக்கள் புகுந்துகொள்கின்றன. அறை வெப்பநிலையில் சுமார் இரண்டு வளிமண்டல அமுக்கமே போதுமாகையால், உயரமுக்கச் சிலிண்டர்களைத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு அருகில் வைக்க வேண்டியதில்லை.

பதுளை மின்பொறியியலாளர்:
ஐயா, கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ சேர்வை பிடித்துவைப்பது 14 கிராம் ஐதரசன்தான். நூறு அலகு மின்சாரத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ ஐதரசன் கிடைக்கும். அதற்கு 145 கிலோ அளவில் சேர்வை வேண்டும். ஐதரசனை மீண்டும் மின்சாரமாக்கும் எரிபொருட் கலம் பாதி வினைத்திறனில் இயங்கினால், திரும்பி வருவது 33 அலகு மட்டுமே.

தலவாக்கலை ஆசிரியர்:
எடை காருக்குத்தான் குறை. இங்கே அது கொங்கிறீட்டுத் தளத்தில் கிடக்கப்போகிறது. இழப்பை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த நீர் எப்படியும் வழிந்தோடுவதுதானே? நுவரெலியாக் குளிரில் சேர்வை ஐதரசனை இன்னும் எளிதாக உறிஞ்சும். வெளியிடத் தேவையான வெப்பத்தை எரிபொருட் கலமே தரும்.

ஹட்டன் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்:
கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன. மாசி மாதத்தில் ஓடையிலும் தண்ணீர் குறைவு. மிஞ்சுவதை முதலில் மானி வைத்து அளந்து சொல்லுங்கள்.

பதுளை மின்பொறியியலாளர்:
அவர் கேட்பது நியாயம். ஆய்வுகூடத்தில் நான் கண்டதையும் சொல்கிறேன்: விரல்நுனி அளவுத் துண்டு ஒன்று, சில முறை ஐதரசனை ஏற்று இறக்கியதும் கரித்தூள்போல நொறுங்கிவிட்டது. ஐதரசன் புகும்போது கனவளவு ஏறத்தாழ கால்பங்கு பெருப்பதே காரணம். அந்தத் தூள் குழாய்களை அடைக்கும், ஈரத்தையும் ஒட்சிசனையும் தாங்காது. மின்பகுப்பிலிருந்து வரும் வாயுவோ ஈரமானது, ஆகவே உலர்த்தும் செலவும் சேரும். நிக்கலில் சிறு பங்கை அலுமினியத்தால் மாற்றினால் நொறுங்குவது குறையும், கொள்ளளவும் கொஞ்சம் இறங்கும்.

இந்தச் சேர்வையின் மீது அவ்வளவு பற்று என்றால், இதன் வழிவந்த கலப்புலோகத்தையே மின்வாயாகக் கொண்ட நிக்கல்–ஐதரைட்டு மின்கலத்தை வாங்கலாமே. 1997இல் யப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் அப்படித்தான் ஓடியது. அதே நூறு அலகில், அந்த 33 அலகின் இருமடங்காவது திரும்பி வரும்.

தலவாக்கலை ஆசிரியர்:
மின்கல யோசனையை ஏற்கிறேன். ஹட்டன் நண்பர் கேட்ட அளவீட்டை அடுத்த மாதம் எடுத்து இங்கேயே இடுகிறேன்.