முதல் சினிமா கேமரா செட்: ஆறு லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

செட்டிநாட்டுக் கேமரா:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, அறுபதாம் கல்யாணம் என்று வண்டி ஓடுகிறது. கையில் இருப்பது சோனி ஏ7 மார்க் 3, டாம்ரான் 28-75, சோனி 85 எம்எம் எஃப்/1.8, ஒரு கிம்பல், காற்றடித்தால் ஆடும் ஒரு ட்ரைபாட்.

இப்போது வேறு மாதிரி வேலை வர ஆரம்பித்திருக்கிறது. பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியவர்கள் மூன்று நான்கு நிமிடப் படம் கேட்கிறார்கள். அதோடு நண்பர் ஒருவர் நாற்பது நிமிடத்தில் பைலட் படம் (மாதிரிப் படம்) எடுக்கப்போகிறார், முழுவதும் ஒரே வீட்டில். ஏ7 மார்க் 3 உள்ளே பதிவாவது 8 பிட், நிறத்தில் படிகள் குறைவு. வளவுக்குள் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கேமராவை வைத்தால் நடு முற்றத்தில் வெயில் வெளுத்துவிடுகிறது, சுற்றியுள்ள தேக்குத் தூண்கள் கறுத்துவிடுகின்றன. கலரில் கொஞ்சம் இழுத்தாலே சுவர் பட்டை பட்டையாகப் பிரிகிறது.

சேர்த்தது மூன்றரை லட்சம், அடுத்த மாதம் சீட்டு எடுத்தால் இரண்டரை. மொத்தம் ஆறு. அதற்கு மேல் கடன் கிடையாது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

சோனி எஃப்எக்ஸ்3 வாங்கு, ஹாலிவுட் படமே அதில் எடுத்தாச்சு என்கிறார் ஒருவர். பைலட் எடுக்கும் நண்பருக்கு ரா (சென்சார் பிடித்ததைப் பெரிதாக மாற்றாமல் பதிவது) வேண்டுமாம், பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே ப்ரோதான் சரி என்கிறார். அவர் பணம் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு சோனியின் எஃப்எக்ஸ்30 போதுமோ என்று ஒரு எண்ணம். எது வாங்கினால் மிச்சத்தில் என்ன வாங்க வேண்டியிருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலிகிராமம் டிஐடி:

தம்பி, கேமரா பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஆறு லட்சத்தில் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) நாற்பது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அது என் கட்சி. நான் யூனிட்டில், கேமரா கார்டில் பதிவானதை டிஸ்க்கில் இறக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவன். பாடி போதவில்லை என்று ஷூட்டிங் நின்று நான் பார்த்ததில்லை. டிஸ்க் நிரம்பியது, என்டி (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன் போடும் கறுப்புக் கண்ணாடி) இல்லை, பேட்டரி தீர்ந்தது என்று நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ரா விஷயம். பாக்கெட் 6கே ப்ரோவில் 6கே, 8:1 சுருக்கத்தில் 30 ஃபிரேமுக்கு விநாடிக்கு 121 எம்பி என்று கம்பெனியே போட்டிருக்கிறது. 24 ஃபிரேமுக்கு அது 97 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 350 ஜிபி. நாற்பது நிமிடப் படம், ஒன்றுக்குப் பத்து எடுத்தால் 400 நிமிடம். புது டைரக்டர் ஒன்றுக்குப் பத்தில் நிற்கவும் மாட்டார், அது வேறு கதை. 400 நிமிடம் என்றே வைத்தாலும் 2.3 டிபி. ஒரே காப்பியோடு யாரும் தூங்க முடியாது, இரண்டு வேண்டும். எடிட்டிங் செய்ய வேகமான எஸ்எஸ்டி தனி. இதே 400 நிமிடம் எஃப்எக்ஸ்30-இல் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்ற பதிவு முறையில், 4கே, 24 ஃபிரேமில் விநாடிக்கு 240 மெகாபிட், அதாவது 30 எம்பி. மணிக்கு 108 ஜிபி, மொத்தம் 720 ஜிபி. அதுவும் 10 பிட் 4:2:2, நிற விவரம் அதிகம். உங்கள் சுவர் பட்டை பிரிகிற பிரச்சினை இதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல தியேட்டர்களில் இன்னும் 2கே ப்ரொஜெக்டர்தான் ஓடுகிறது, 6கே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ரா மோசம் என்று சொல்லவில்லை. அந்த கேமராவோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங், கலர் மென்பொருளின் லைசென்ஸும் வரும், உள்ளேயே 2, 4, 6 ஸ்டாப் என்டி இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), பின்திரை வெயிலில் தெரியும். ஆனால் தொடர் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வரும்போது ஃபோகஸ் திருப்பிக்கொடுக்கும் ஃபோகஸ் புல்லரை எங்கே போய்த் தேடுவீர்கள்? அப்புறம் மவுண்ட், லென்ஸ் மாட்டும் வாய். உங்கள் லென்ஸ் இரண்டும் சோனி இ மவுண்ட், அதன் ஃபிளாஞ்ச் தூரம், அதாவது மவுண்டிலிருந்து சென்சார் வரை, 18 மில்லிமீட்டர். பாக்கெட் 6கே கேனன் இஎஃப், 44 மில்லிமீட்டர். இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு இ மவுண்டில் மாட்டலாம், இ மவுண்ட் லென்ஸை இஎஃப் பாடியில் மாட்டவே முடியாது. அதாவது லென்ஸ், பேட்டரி எல்லாம் முதலிலிருந்து. எஃப்எக்ஸ்30-க்கு உங்களிடம் இருக்கும் இசட்100 பேட்டரியே போதும்.

எஃப்எக்ஸ்3-க்கு வருகிறேன். 2021-இல் வந்தபோது 3,899 டாலர். எஃப்எக்ஸ்30 அடுத்த ஆண்டு வந்தது, ஹேண்டிலோடு 2,199. அந்த வித்தியாசத்தில் உங்கள் லைட்டும் ட்ரைபாடும் வந்துவிடும். ஹாலிவுட் யூனிட் எஃப்எக்ஸ்3 வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை, அதன் முன்னால் மாட்டிய லென்ஸும் பக்கத்தில் நின்ற லைட்டும் எவ்வளவு என்று அப்படிச் சொன்னவரிடம் கேளுங்கள்.

இரண்டு சோனியிலும் உள்ளே என்டி இல்லை. இதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளுப்பும் கறுப்பும் அடங்க சோனி தரும் எஸ்-லாக்3 பதிவு முறையில் ஐஎஸ்ஓ (உணர்திறன்) 800. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/800 வேண்டும். அசைவு இயல்பாகத் தெரிய நமக்கு வேண்டியது 1/50, அங்கேயே நான்கு ஸ்டாப் அதிகம். எஃப்/4-க்குத் திறந்தால் இன்னும் நான்கு. ஆக எட்டு ஸ்டாப் என்டி இல்லாமல் உங்கள் முற்றத்தில் எஃப்/4 கிடையாது. ஒரே வேரியபிள் என்டியில் எட்டு வரை திருப்பினால் சில கண்ணாடியில் நடுவில் கறுப்பாக எக்ஸ் விழும். 2-5 ஒன்று, 6-9 ஒன்று என்று இரண்டு வாங்குங்கள். 82 மில்லிமீட்டரில் வாங்கி எல்லா லென்ஸுக்கும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டர் ஆங்கிளில் பழகினால் 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி, அதுதான் 1/50. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 180-இல் வைத்தால் பழைய ட்யூப்லைட் சில சமயம் துடிக்கும்.

எஃப்எக்ஸ்30 சென்சார் சூப்பர் 35, உங்கள் ஏ7 மார்க் 3-இன் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது. உங்கள் 28 எம்எம் அதில் 42 மாதிரி ஆகிவிடும். வளவில் ஓர் ஓரம் நின்று எதிர்த் தாழ்வாரம் முழுக்க வர வேண்டுமென்றால் போதாது, 18-இல் தொடங்கும் ஒரு ஜூம் கட்டாயம்.

கடைசியாக லைட். நீங்கள் சொன்ன வெளுப்பு கறுப்புப் பிரச்சினையைக் கேமரா பாதிதான் தீர்க்கும். முற்றத்தின் மேல் ஒரு பெரிய ஸ்கிம்மர் துணி கட்டி வெயிலைக் குறையுங்கள், தாழ்வாரத்துக்கு ஒரு 300 வாட் எல்இடி, எதிரே தெர்மாகோல். அந்த வீடுகளின் பழைய வயரிங்கில் பெரிய எச்எம்ஐ லைட் போட ஜெனரேட்டர் வர வேண்டும், 300 வாட் எல்இடி சாதாரண பிளக்கிலேயே எரியும். லைட் ஸ்டாண்டு காலுக்கு ரப்பர் போடுங்கள், ஆத்தங்குடித் தரையில் கீறல் விழுந்தால் ஓட்டல்காரர் அடுத்த வேலை தரமாட்டார். முட்டைப் பூச்சுச் சுவரில் டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பூச்சோடு வரும்.

வாடகைக்கு எடுத்தால் என்ன என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். இங்கே சரி. காரைக்குடிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். போகிற நாள், வருகிற நாளுக்கும் பல இடங்களில் வாடகை உண்டு, கூட வரும் அட்டெண்டருக்கு பேட்டா, ரூம், பஸ். மூன்று நிமிட ஓட்டல் படத்துக்குத் தாங்காது. பைலட்டில் ஒரு நாள் கிராண்டாக வேண்டுமென்றால் அந்த ஒரு நாளுக்கு நல்ல லென்ஸ் செட் மட்டும் எடுங்கள்.

நெல்லை கேண்டிட்:

டிஐடி அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம். இவருக்குச் சோறு போடுவது கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் பாதி லைட் எரியாது, நாம் லைட் வைத்தால் ஐயர் கண் கூசுகிறது என்பார், பெரியவர்கள் அணைக்கச் சொல்வார்கள். எஃப்எக்ஸ்3-இன் இரண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ (படத்தில் புள்ளி குறைவாக விழும் அடிப்படை ஐஎஸ்ஓ) 12,800, எஃப்எக்ஸ்30-இல் 2,500. இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். அது சின்ன விஷயம் இல்லை. தவிர எஃப்எக்ஸ்3 ஃபுல் ஃபிரேம் என்பதால் டாம்ரான் 28-75 அதில் 28 ஆகவே இருக்கும், புது ஜூம் செலவு மிச்சம். நான் என்றால் எஃப்எக்ஸ்3 எடுத்துவிட்டு லைட்டை அடுத்த சீசனுக்குத் தள்ளுவேன்.

சாலிகிராமம் டிஐடி:

முகூர்த்தத்துக்கு ஏ7 மார்க் 3 இருக்கிறதே, அதுவும் ஃபுல் ஃபிரேம்தான். புது முதலீடு புது வேலைக்கு. லைட்டைத் தள்ளினால் அந்தப் புது வேலையே வராது. ஆனால் வருடத்தில் பெரும் பங்கு கல்யாணம் என்றால் நெல்லைத் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு, அதைக் காரைக்குடித் தம்பிதான் தன் பில் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பூம் ராடு:

வழக்கம்போல சவுண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் சினிமாவில் டப்பிங் பழக்கம் இருப்பதால் புதுப் பையன்கள் கேமரா மைக்கையே பைலட் டிராக்காக (டப்பிங்குக்கு வழிகாட்டும் ஒலியாக) வைத்துவிட்டு, பிறகு டப்பிங் தியேட்டரில் உதடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டல் படத்தில் ஆச்சி ஒருவர் பேட்டி கொடுப்பார். அவரைத் தியேட்டருக்கு அழைத்துப்போய் டப் பண்ண முடியுமா?

அந்த வளவுகள் பார்க்கத்தான் அழகு. கல்லும் ஓடும் வழவழப்பான சுவரும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் திருப்பி அனுப்பும். பேட்டியை முற்றத்தில் வைக்காமல் உள்ளறையில் வையுங்கள். உட்காரும் இடத்தைச் சுற்றித் தரையில் ஜமக்காளம், ஃபிரேமுக்கு வெளியே கொடியில் இரண்டு கனத்த போர்வை. காலர் மைக் நெஞ்சருகே, கூடவே தலைக்கு மேல் ஒரு ஷாட்கன் மைக். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் ஒன்று வாங்கினால் லெவல் பார்க்கத் தனி ஆள் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், ஜூம் எஃப்3 மாதிரி இரண்டு சேனல் போதும். மீட்டர் பார்க்க வேண்டாம் என்றாலும் ஹெட்போன் போட ஒரு ஆள் வேண்டும். உரசல் சத்தத்தை எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது.

கணக்குப்பிள்ளை:

படம் எடுக்கத் தெரியாது, பில் பார்க்கத் தெரியும். நீங்கள் வாங்கப்போகும் சாமான் ஏறக்குறைய எல்லாமே 18 சதவீத ஜிஎஸ்டி. ஆறு லட்சம் வரியோடு என்றால் அதில் ஏறக்குறைய 91,500 ரூபாய் வரி. சர்வீஸ் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், ஆனால் விரும்பியும் பதியலாம். பதிந்திருந்து, பில்லில் உங்கள் எண்ணைப் போட்டு வாங்கினால் இந்தத் தொகையை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிக்கலாம். கழித்துவிட்டு அதே வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானமும் கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்றுதான்.

ஓட்டல்காரர்களுக்கு ஜிஎஸ்டி பில் இருந்தால் பெரும்பாலும் சந்தோஷம். கல்யாண வீட்டாருக்கு அது 18 சதவீதம் கூடுதல் செலவு. யார் உங்களுக்கு அதிகம் தருகிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், வரிக் கழிவும் போச்சு, வாரண்டியும் போச்சு.

செட்டிநாட்டுக் கேமரா:

எல்லோருக்கும் நன்றி. பில் புத்தகத்தைப் பார்த்தேன். கல்யாணம்தான் இன்னும் அதிகம், ஆனால் கூடுவது ஓட்டல் வேலை. எஃப்எக்ஸ்30 என்று முடிவு செய்துவிட்டேன். நெல்லை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிப் பிரித்திருக்கிறேன். பாடிக்கு இரண்டேகால் லட்சம் ஒதுக்கியாச்சு. லைட், சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டு, துணி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். அகல ஜூமுக்கு 50,000. ட்ரைபாடுக்கும் சவுண்டுக்கும் தலா 45,000, பழைய ட்ரைபாடை இனி வெளியே காட்டுவதாக இல்லை. டிஸ்க்கும் கார்டும் 40,000. என்டி, ரிங் எல்லாம் 25,000, வெளி மானிட்டர் 25,000, பவர் 20,000. மிச்சம் 25,000 கையில் நிற்கும். பைலட் நண்பரிடம் ரா இல்லை என்று சொன்னேன், இரண்டாவது ஹார்ட்டிஸ்க்கை நீங்களே வாங்கித் தாருங்கள் என்றதும் அமைதியாகிவிட்டார். இதில் எதையாவது விட்டிருக்கிறேனா?

சாலிகிராமம் டிஐடி:

நன்றாகப் பிரித்திருக்கிறீர்கள். இரண்டு விஷயம். ஏ7 மார்க் 3-ஐ விற்றுவிடாதீர்கள், எஃப்எக்ஸ்30-இல் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது, வியூஃபைண்டரும் கிடையாது, கல்யாண ஸ்டில்லுக்கு அது ஒத்துவராது. அடுத்து, பில் போடும் முன் பெட்டியைப் பாருங்கள். பாடி மட்டும் ஒரு பெட்டி, ஹேண்டிலோடு ஒரு பெட்டி என்று இரண்டாக விற்கிறார்கள். மைக் மாட்டும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருப்பது ஹேண்டிலில்தான். விலை குறைவாகச் சொன்னால் எந்தப் பெட்டி என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.